பத்து சென்ட் காமிக்ஸ் கோடிகளில் ஏலம் போவது எப்படி?

2014 ஆகஸ்ட் மாதம் ஈபே தளத்தில் ஒரு காமிக்ஸ் இதழ் ஏலத்துக்கு வந்தது. ஆரம்ப விலை 99 சென்ட். பத்து நாள் கழித்து ஏலம் முடிந்தபோது விலை 32,07,852 டாலர். அன்றைய கணக்கில் ஏறத்தாழ 19 கோடி ரூபாய். 1938 ஜூன் தேதியிட்டு வெளிவந்த 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் அது. சூப்பர்மேன் முதன்முதலில் தலைகாட்டியது அதில்தான். அட்டையில் அச்சடித்திருந்த விலை 10 சென்ட்.

இந்தத் தொகையைக் கேட்டு வாய் பிளப்பது சுலபம். எனக்கு அதைவிட ஆச்சரியமாக இருப்பது இன்னொரு விஷயம். பழைய பொருள் எதையும் நேரில் போய், கையில் எடுத்து, புரட்டிப் பார்த்து, குறை சொல்லி விலை பேசித்தான் வாங்குவோம். இணைய ஏலத்தில் அது எதுவும் கிடையாது. பார்க்கக் கிடைப்பது முன் அட்டை, பின் அட்டை இரண்டின் படங்கள். இதழ் வீட்டுக்கு வந்தாலும் அது திறக்க முடியாத ஒரு பிளாஸ்டிக் உறைக்குள்தான் இருக்கும். உள்ளே ஒரு பக்கத்தைக்கூடப் புரட்ட முடியாது. இப்படி இருந்தும் ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் டாலரைக் கொட்டுகிறார்கள். இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இந்தச் சந்தையின் விலையும் புரியும், இதில் நடக்கும் மோசடிகளும் புரியும்.

அமெரிக்காவில் பழைய காமிக்ஸ் வியாபாரத்துக்கு ஒழுங்கான விலைப்பட்டியல் வந்ததே 1970-இல்தான். ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட் என்ற சேகரிப்பாளர் வெளியிட்ட விலைக் கையேடு அது. அதற்குப் பிறகும்கூட இதழ் எந்த நிலையில் இருக்கிறது என்று முடிவு செய்தவர் விற்பவர்தான். 'கிட்டத்தட்ட புதுசு' என்று கடிதத்தில் எழுதுவார். பணம் அனுப்பி வாங்கிப் பிரித்துப் பார்த்தால் முதுகோரத்தில் ஏழெட்டுக் கீறல் இருக்கும், பின்கள் துருப்பிடித்திருக்கும். 1995-இல் ஈபே தொடங்கியதும் இந்தச் சண்டை பல மடங்கு பெருகியது. முன்பின் தெரியாதவரிடம், வேறு மாநிலத்தில் இருப்பவரிடம், மங்கலான ஒரு படத்தை நம்பி வாங்க வேண்டிய நிலை. நூறு டாலர் இதழ் என்றால் போகட்டும் என்று விடலாம். பத்தாயிரம் டாலர் இதழை அப்படி வாங்க யாருக்கும் தைரியம் வராது.

2000-இல் சி.ஜி.சி. என்ற நிறுவனம் இந்த இடத்தில்தான் நுழைந்தது. இது இதழ்களை வாங்குவதில்லை, விற்பதில்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு மதிப்பெண் போடுகிறது, அவ்வளவுதான். இதழை அனுப்பினால் முதல் வேலையாகப் பக்கங்களை எண்ணுவார்கள். நடுத்தாள் காணாமல் போயிருந்தால், உள்ளே கூப்பன் வெட்டப்பட்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம் பசை, சாயம், கத்தரி பட்ட தடயம் உண்டா என்று தேடுவார்கள். ஒருவருக்கு மேற்பட்டவர்கள் தனித்தனியே பார்த்து மதிப்பெண் சொல்ல, கடைசியில் ஒருவர் முடிவு செய்வார். அளவுகோல் 0.5-இல் தொடங்கி 10-இல் முடிகிறது. பக்கத்தின் நிறத்தையும் தனியாகக் குறிப்பார்கள்: வெள்ளை, சற்றே மங்கிய வெள்ளை, பாலாடை நிறம், பழுப்பு என்று போய், தொட்டால் ஒடியும் நிலை வரை. செய்தித்தாள் ரகக் காகிதத்தில் அமிலம் ஊறிக்கொண்டே இருக்கும் என்பதால் இந்தக் குறிப்புக்கு மதிப்பு அதிகம். எல்லாம் முடிந்ததும் இதழை ஒட்டி மூடிய பிளாஸ்டிக் உறையில் வைத்து, மேலே ஒரு சீட்டும் சான்று எண்ணும் போட்டு அனுப்பிவிடுவார்கள். சேகரிப்பாளர்கள் இந்த உறையை 'ஸ்லாப்' என்கிறார்கள்.

சீட்டின் நிறத்துக்கும் பொருள் உண்டு. நீலம் என்றால் சாதாரண இதழ். ஊதா என்றால் பழுதுபார்த்தது: மங்கிய இடத்தில் வண்ணம் தொட்டிருக்கலாம், கிழிந்த மூலையில் வேறு காகிதம் ஒட்டியிருக்கலாம், ஓரத்தை நேர்த்தியாக நறுக்கியிருக்கலாம். கண்ணுக்கு அழகாகத் தெரியும் ஊதாச் சீட்டு இதழ், அழுக்காகவும் கசங்கியும் இருக்கும் நீலச்சீட்டு இதழைவிடக் குறைந்த விலைக்குப் போவது இங்கே சர்வ சாதாரணம். மஞ்சள் என்றால், நிறுவனத்தின் ஆள் பக்கத்தில் நின்று பார்க்க, எழுத்தாளரோ ஓவியரோ போட்ட கையெழுத்து அதில் இருக்கிறது என்று அர்த்தம். ஸ்பைடர்மேன் கதையை எழுதிய ஸ்டான் லீ உண்மையாகவே உங்களுக்குக் கையெழுத்துப் போட்டுத் தந்திருந்தாலும், சாட்சி இல்லையென்றால் மஞ்சள் சீட்டு கிடையாது. பல ஆண்டுகள், அட்டையில் யாரோ பேனாவால் எழுதிய குறையாகத்தான் அது கணக்கில் வந்தது. கொடூரமாகத் தோன்றலாம். ஆனால் போலிக் கையெழுத்துகள் குவிந்து கிடக்கும் சந்தையில் வேறு வழி எனக்கும் தெரியவில்லை.

இந்த ஏற்பாடு வந்ததும் விலையின் போக்கே மாறிப்போனது. அதற்கு முன் 'நல்ல நிலை', 'மிக நல்ல நிலை' என்று சொற்களாக இருந்த வித்தியாசம் இப்போது புள்ளி வைத்த எண்ணாகிவிட்டது. எண் என்று வந்துவிட்டால் போட்டியும் வந்துவிடும். 1962-இல் வந்த 'அமேசிங் ஃபேன்டசி' 15-ஆம் இதழை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பைடர்மேன் பிறந்த இதழ். அதன் 9.4 மதிப்பெண் பிரதி ஒன்று 2020-இல் ஹெரிடேஜ் என்ற ஏல நிறுவனத்தில் 7,95,000 டாலருக்குப் போனது. மறு ஆண்டு செப்டம்பரில் அதே ஏல நிறுவனத்தில் 9.6 மதிப்பெண் பிரதி 36 லட்சம் டாலருக்குப் போனது. இடையில் சந்தை சூடேறியது உண்மை. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் 0.2 புள்ளிக்கு இத்தனை பெரிய பள்ளம். முதுகோரத்தில் இருக்கும் ஒரு சின்னக் கோடு, மூலையில் ஒரு லேசான மழுங்கல், இவைதான் அந்த 0.2. இரண்டையும் மேசையில் அருகருகே வைத்தால் நம்மில் பெரும்பாலோருக்கு வித்தியாசம் சொல்லத் தெரியாது. விலை போவது கதைக்கும் இல்லை, ஓவியத்துக்கும் இல்லை. 'இதைவிடச் சிறந்த பிரதி வேறு யாரிடமும் இல்லை' என்ற நிலைக்குத்தான் அந்தப் பணம் போகிறது.

ஒரே மதிப்பெண் என்றால் ஒரே விலை என்றும் சொல்ல முடியாது. 2011 நவம்பரில் 9.0 மதிப்பெண் பெற்ற 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் ஒன்று 21 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு விற்றது. மேலே சொன்ன 2014 பிரதியும் 9.0-தான். ஆனால் அதன் பக்கங்கள் 76 ஆண்டுக்குப் பிறகும் வெள்ளையாக இருந்தன. ஒருவர் அதைக் கடையில் வாங்கி ஒரு மரப்பெட்டிக்குள் பல பத்தாண்டுகள் போட்டு வைத்திருந்தார். விற்றவர் விளம்பரத்தில் திரும்பத் திரும்பச் சொன்னது அந்த வெள்ளையைத்தான்.

எதெல்லாம் விலையைத் தின்னும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 'இன்க்ரெடிபிள் ஹல்க்' 181-ஆம் இதழ். 1974 நவம்பர் தேதியிட்டது. வுல்வரின் முழுமையாக வரும் முதல் கதை என்பதால் அந்தக் காலத்து இதழ்களில் இதற்குத்தான் கிராக்கி அதிகம். அந்த ஆண்டு மார்வெல் நிறுவனம் சிறுவர்களுக்காக ஒரு திட்டம் வைத்திருந்தது. ஒவ்வொரு இதழிலும் வாசகர் கடிதப் பக்கத்தில் தபால் தலை போல ஒரு சின்னப் படம் அச்சிடுவார்கள். கத்தரித்து ஒரு ஆல்பத்தில் ஒட்ட வேண்டும். 181-ஆம் இதழில் ஷானா என்ற பாத்திரத்தின் படம். சொன்னபடி கத்தரிக்கோலை எடுத்த பிள்ளைகள் ஏராளம். அட்டை பளபளவென்று இருக்கும், முதுகு நேராக இருக்கும், உள்ளே கடிதப் பக்கத்தில் மட்டும் தபால் தலை அளவுக்கு ஒரு சதுர ஓட்டை. அந்த ஓட்டை இருந்தால் விலை அடிமட்டத்துக்குப் போய்விடும். முன் அட்டைப் படத்தில் இது தெரியாது. அதனால்தான் உறையில் இல்லாத 181-ஐ விற்கும் நேர்மையானவர்கள் அந்தக் கடிதப் பக்கத்தைத் தனியாகப் படம் எடுத்துப் போடுகிறார்கள். அந்தப் படத்தைக் கேட்டும் தராதவரிடம் வாங்கவே கூடாது.

மதிப்பெண்ணை உயர்த்தும் வழி ஒன்று சட்டபூர்வமாகவே இருக்கிறது. கசங்கிய சட்டைக்கு இஸ்திரி போடுவது போல, ஈரப்பதமும் சூடும் அழுத்தமும் கொடுத்து இதழின் மடிப்புகளையும் பள்ளங்களையும் நீவி எடுப்பது. நிறம் உடைந்த மடிப்பு இதில் போகாது; நிறம் உடையாத வளைவுகள் மறைந்துவிடும். சி.ஜி.சி. இதைப் பழுதுபார்ப்பாகக் கருதுவதில்லை, ஊதாச் சீட்டும் கிடையாது. எனவே 9.2 வாங்கிய இதழை உறையை உடைத்து எடுத்து, நீவி, மறுபடி அனுப்பி 9.6 வாங்குவதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கவனிக்க வேண்டியது என்னவென்றால், இப்படி நீவித் தரும் சேவையை சி.ஜி.சி.யின் தாய்க் குழுமத்தைச் சேர்ந்த இன்னொரு நிறுவனமே நடத்துகிறது. மார்க் போடும் வாத்தியாரின் வீட்டிலேயே டியூஷனும் நடக்கிறது. இதனால் மதிப்பெண் தவறாகிவிடுகிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தத் தொடர்பு வாங்குகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்று, ஒவ்வொரு மதிப்பெண்ணிலும் எத்தனை பிரதி இருக்கிறது என்று அந்த நிறுவனம் கணக்கு வெளியிடுகிறது. 9.8 மதிப்பெண்ணில் இருபதே பிரதி என்று நம்பி இன்று வாங்குவீர்கள். நீவித் திருப்பி அனுப்பப்படும் பிரதிகளால் அது நாளை நாற்பதாகலாம்.

சரி, ஏலத்துக்கு வருவோம். ஈபேயில் நீங்கள் கேட்கும் தொகை அப்படியே விலையாகாது. உங்கள் உச்சவரம்பு 500 டாலர் என்று பதிந்தால், எதிராளியின் வரம்பு 400-இல் நிற்கும்போது, அதற்கு ஒரு படி மேலே மட்டும் தளம் உங்கள் சார்பில் கேட்கும். மிச்சம் ரகசியமாக இருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏலம் குறித்த நொடியில் முடிந்துவிடும் என்பதால் அனுபவசாலிகள் யாரும் முன்கூட்டிக் கேட்பதில்லை. கடைசிச் சில நொடிகள் வரை ஒளிந்திருந்து, எதிராளிக்கு யோசிக்க நேரம் தராமல் அடிப்பார்கள். இதற்கென்றே தானியங்கிச் சேவைகள் இருக்கின்றன. இதைத் தடுக்கச் சில காமிக்ஸ் ஏலத் தளங்கள், கடைசி நிமிடங்களில் யாராவது கேட்டால் நேரத்தை நீட்டிவிடுகின்றன. விற்பவருக்கு இது நல்லது. வாங்குகிறவர் தன் வரம்பை முன்பே முடிவு செய்துகொள்ளாவிட்டால் ஒவ்வொரு நீட்டிப்பிலும் 'இன்னும் ஒரு தடவைதானே' என்று சறுக்குவார்.

கட்டணத்தில்தான் புதியவர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். டல்லஸ் நகரிலுள்ள ஹெரிடேஜ் போன்ற நிறுவனத்தில் வாங்குகிறவர் சுத்தியல் விலைக்கு, அதாவது ஏலத்தில் கடைசியாகக் கேட்ட தொகைக்கு, மேலே குறிப்பிட்ட சதவிகிதக் கட்டணம் சேர்த்துத் தர வேண்டும். 2025 நவம்பரில் 'சூப்பர்மேன்' முதல் இதழ் ஒன்று அங்கே 91 லட்சத்து 20 ஆயிரம் டாலருக்குப் போனதாகச் செய்தி வந்தது. அதில் 20 சதவிகிதக் கட்டணமும் அடக்கம்; சுத்தியல் விழுந்தது 76 லட்சத்தில். 2024 ஏப்ரலில் 60 லட்சம் என்று சொல்லப்பட்ட 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழும் அப்படித்தான், 50 லட்சமும் கட்டணமும். வாங்குகிறவரிடம் எதுவும் வாங்காமல் விற்பவரிடம் மட்டும் கமிஷன் பிடிக்கும் ஏலத் தளங்களும் உண்டு. ஒரு தளத்தின் விலையை இன்னொரு தளத்தின் விலையோடு ஒப்பிடும்போது இதைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். விற்பவர் கைக்கு வருவது இந்த இரண்டு எண்களையும்விடக் குறைவாக இருக்கலாம் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

ஒரு ஏலத்தின் முடிவை 'சந்தை விலை' என்று எடுத்துக்கொள்வதும் ஆபத்து. ஏலத்தில் விலையைத் தீர்மானிப்பது இரண்டாவது ஆள். அன்று இரவு விடாப்பிடியாக இரண்டு பேர் இருந்தால் விலை வானத்துக்குப் போகும். அவர்களில் ஒருவர் வாங்கிவிட்ட பிறகு, அடுத்த மாதம் அதே தரத்தில் இன்னொரு பிரதி வந்தால் மூன்றாவது ஆளின் விலைக்குத்தான் போகும். விற்பவரின் நண்பரே போட்டியாளர் போல நுழைந்து விலை ஏற்றுவதும் பழைய தந்திரம். ஆகவே ஒற்றை விற்பனையைப் பார்க்காமல், ஓராண்டில் அதே இதழ், அதே மதிப்பெண்ணில் என்னென்ன விலைக்குப் போயிற்று என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். அமெரிக்கச் சந்தையில் அந்தப் பதிவுகளைத் திரட்டித் தரும் சேவைகள் இருக்கின்றன. முத்து, லயன், ராணி காமிக்ஸ் பழைய இதழ்களைத் தேடி வாங்கும் நம் சேகரிப்பாளர்களுக்கு இந்த வசதி இல்லை. தரத்தை மூன்றாவது ஆள் சொல்லும் ஏற்பாடும் இல்லை, விற்ற விலையின் பதிவும் இல்லை. விற்பவர் சொன்னதுதான் விலை. அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நமக்கும் உதவும்.

எந்தப் பழைய இதழுக்கு மதிப்பு, எதற்கு இல்லை என்பதற்கு வயது மட்டும் காரணமில்லை. 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் சுமார் இரண்டு லட்சம் பிரதி அச்சானது. இன்று மிஞ்சியிருப்பவை நூறு வாக்கில் இருக்கும் என்பது வல்லுநர்களின் மதிப்பீடு. படித்துவிட்டுத் தூக்கிப்போடும் பொருளாகத்தான் அன்று காமிக்ஸ் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் பழைய காகிதம் திரட்டும் இயக்கத்தில் மூட்டை மூட்டையாகப் போயிற்று. ஐம்பதுகளில் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று ஊர் கூடி எரித்த கதையும் உண்டு. இதற்கு நேர் எதிர் 1991-இல் வந்த 'எக்ஸ்-மென்' முதல் இதழ். எண்பது லட்சம் பிரதிக்கு மேல் விற்றது, ஒரே கதைக்கு ஐந்து அட்டைகள். வாங்கியவர்களில் பலர் அன்றே பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்தார்கள், பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்று. எல்லோரும் பத்திரப்படுத்திய பொருள் எப்படி அரிதாகும்? இன்றும் அது சில டாலருக்குக் கிடைக்கிறது. அந்த ஊக வாணிகக் குமிழி உடைந்ததில் எத்தனையோ கடைகள் மூடின. மார்வெல் நிறுவனமே 1996-இல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது.

இந்த இடத்தில் ஜெர்ரி சீகலையும் ஜோ ஷஸ்டரையும் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. சூப்பர்மேனை உருவாக்கிய இந்த இரு இளைஞர்களும் அந்தப் பாத்திரத்தின் உரிமையை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அந்த 130-ஐயும் மற்ற வேலைக்கான கூலியையும் சேர்த்து 1938 மார்ச் 1 தேதியிட்டு 412 டாலருக்கு ஒரு காசோலை தரப்பட்டது. இரண்டு பேரின் பெயரிலும் எழுத்துப்பிழை. 2012-இல் அந்தக் காசோலையே இணைய ஏலத்துக்கு வந்து 1,60,000 டாலருக்குப் போனது. அவர்கள் இருவரும் முதுமையில் வறுமையில் கிடந்து, பத்திரிகைகளில் விஷயம் வெளிவந்த பிறகுதான், 1975-இல், சூப்பர்மேன் உரிமையை அப்போது வைத்திருந்த வார்னர் நிறுவனம் ஆண்டுக்கு ஒரு தொகை தர ஒப்புக்கொண்டது. பழைய இதழ் எத்தனை கோடிக்குக் கைமாறினாலும் அதை வரைந்தவருக்கோ எழுதியவருக்கோ அதில் ஒரு காசு போவதில்லை. இது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

விலையை ஆட்டிவைக்கும் இன்னொரு சக்தி சினிமா. ஒரு பாத்திரத்தை வைத்துப் படமோ தொடரோ வருகிறது என்று அறிவித்த அன்றே அது முதலில் தோன்றிய இதழின் விலை எகிறும். 'மூன் நைட்' தொடர் 2019-இல் அறிவிக்கப்பட்டதும் 1975-இல் வந்த 'வேர்வுல்ஃப் பை நைட்' 32-ஆம் இதழ் அப்படித்தான் பறந்தது. தொடர் வெளிவந்து ஆரவாரம் அடங்கியதும் இறங்கியது. படம் வெளியாகும் வாரத்தில் வாங்குகிறவர் பெரும்பாலும் அறிவிப்பு வந்தபோதே வாங்கியவரிடமிருந்து வாங்குகிறார். கொரோனா காலத்தில் வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் கையில் பணமும் நேரமும் இருக்க, 2021-இல் இந்தச் சந்தை முழுவதுமே கொதித்தது. 2022-க்குப் பிறகு பல பிரபல இதழ்களின் விலை நன்றாகவே சரிந்தது. ஹல்க் 181-உம் தப்பவில்லை.

இனி மோசடி. மிக எளியது மறுபதிப்பை அசலாக விற்பது. 1974-இல், சூப்பர்மேன் இதழ்களை வெளியிடும் டி.சி. நிறுவனம் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழைப் பெரிய அளவில் மறுபதிப்பாக வெளியிட்டது. மறுபதிப்பு என்று காட்டும் தடித்த வெளி அட்டையைக் கழற்றிவிட்டால் உள்ளே இருப்பது அசலின் அட்டை மாதிரியே, 10 சென்ட் விலையோடு இருக்கும். படத்தில் பார்த்தால் ஏமாறாமல் இருப்பது கஷ்டம். ஆனால் அளந்தால் சாயம் வெளுத்துவிடும்: மறுபதிப்பின் உயரம் 13 அங்குலத்துக்கு மேல், அசலோ பத்தரை அங்குலம் வாக்கில். உறையில் இல்லாத இதழை வாங்கும்போது, அதன் மேல் அளவுகோலை வைத்து எடுத்த படம் ஒன்று கேட்பது இதற்காகத்தான்.

ஆனால் 2023 கடைசியில் வெளியான விவகாரம் அளவுகோலுக்கு அகப்படாதது. ஏற்கெனவே சான்று பெற்ற இதழின் உறை கீறலாகிவிட்டால் புது உறை மாற்றித் தரும் சேவையை சி.ஜி.சி. நடத்துகிறது. இதழை மறுபடி மதிப்பிடுவதில்லை, உறையை மட்டும் மாற்றுவார்கள். யாரோ இதில் ஓட்டை கண்டுபிடித்தார்கள். உயர்ந்த மதிப்பெண் பெற்ற இதழின் உறையைத் தடயம் தெரியாமல் திறந்து, அதே இதழின் மட்டமான பிரதி ஒன்றை உள்ளே வைத்து, உறை மாற்றித் தரச் சொல்லி அனுப்பினார்கள். நிறுவனமே மட்டமான பிரதியைப் புத்தம்புது உறையில், பழைய உயர்ந்த மதிப்பெண்ணோடு திருப்பி அனுப்பியது. கூர்ந்த கண்ணுள்ள சேகரிப்பாளர்கள் சிலர், ஒரே சான்று எண்ணுள்ள இதழின் பழைய ஏலப் படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் இதைப் பிடித்தார்கள். ஸ்டேப்ளர் பின் அடித்திருக்கும் இடம் வேறு, அட்டை மடிந்திருக்கும் கோணம் வேறு. நிறுவனம் விசாரித்துச் சந்தேகத்துக்குரிய நூற்றுக்கணக்கான சான்று எண்களின் பட்டியலை வெளியிட்டது, வழக்கும் தொடுத்தது. பல ஆண்டுகள் யாரும் கேள்வி கேட்காத ஒரு சீட்டின் மேல் விழுந்த முதல் பெரிய அடி இது.

இதில் எனக்குப் படுவது, அந்தப் பழைய ஏலப் படங்களின் அருமை. ஒவ்வொரு அச்சுப் பிரதியும் வெட்டிலும் மடிப்பிலும் பின் அடித்த இடத்திலும் மற்றதிலிருந்து இம்மியளவாவது மாறியே இருக்கும். மேலே சொன்ன 21 லட்சத்து 60 ஆயிரம் டாலர் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' பிரதி நடிகர் நிக்கோலஸ் கேஜுக்குச் சொந்தமானது. 2000-இல் அவர் வீட்டிலிருந்து திருடுபோய், பதினோரு ஆண்டு கழித்து கலிஃபோர்னியாவில், வாடகைக்கு விடும் ஒரு சேமிப்பு அறையில் கிடைத்தது. திருடுபோன அதே பிரதிதானா என்று தெரிந்துகொள்ள, முன்பு அதைப் பார்த்திருந்தவர்களின் அடையாளம் தேவைப்பட்டது. இன்று பெரிய ஏல நிறுவனங்கள் தங்கள் பழைய விற்பனைகளின் தெளிவான படங்களை வலைத்தளத்தில் அழிக்காமல் வைத்திருக்கின்றன. விலை கூடிய இதழை வாங்குமுன் சான்று எண்ணைப் போட்டுத் தேடி அந்தப் படத்தோடு ஒப்பிடுவதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

விற்கும் பக்கத்துக்கு அந்த 91 லட்சம் டாலர் 'சூப்பர்மேன்' இதழையே எடுத்துக்கொள்ளலாம். தாய் இறந்த பிறகு சான் ஃபிரான்சிஸ்கோவிலுள்ள அவர் வீட்டுப் பரணில் மூன்று சகோதரர்கள் ஓர் அட்டைப் பெட்டியைக் கண்டெடுத்தார்கள். பழைய செய்தித்தாள்களுக்கு அடியில் காமிக்ஸ் இதழ்கள். குளிர்ந்த, வெயில் கொளுத்தாத ஊர் என்பதால் பரணில் கிடந்தும் காகிதம் கெடவில்லை, 9.0 மதிப்பெண் கிடைத்தது. நம் கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் இது நடந்திருக்க வாய்ப்பே இல்லை.

இப்படி ஒரு பெட்டி கிடைத்தவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள் சில இருக்கின்றன. கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டுவார்கள். அழுக்கைத் துடைப்பார்கள். முதலில் வந்து பார்க்கும் வியாபாரி சொன்ன மொத்த விலைக்குத் தலையாட்டுவார்கள். எதையும் ஒட்டாமல், துடைக்காமல், தட்டையாக வைத்து, ஒவ்வொரு இதழின் பெயர், எண், ஆண்டு மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்வதுதான் முதல் வேலை. ஐம்பது டாலர் பெறும் இதழைச் சான்றுக்கு அனுப்பினால் கட்டணமும் தபால் செலவும் லாபத்தைத் தின்றுவிடும்; அவற்றைக் கட்டாகச் சேர்த்து விற்பதே மேல். பெரிய இதழ் என்றால் குறைந்தது இரண்டு ஏல நிறுவனங்களிடம் பேச வேண்டும். கமிஷன் சதவிகிதம் கல்லில் எழுதியதில்லை. அரிய இதழைக் கொண்டுவருகிறவருக்காக அவர்கள் இறங்கி வருவார்கள். விற்ற பணம் எத்தனை நாளில் வரும், வாங்கியவர் பணம் கட்டாவிட்டால் என்ன, வழியில் தொலைந்தால் காப்பீடு யாருடையது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் இருப்பவர்கள் வரியையும் பார்க்க வேண்டும்: சேகரிப்புப் பொருட்களின் நீண்டகால லாபத்துக்கு அங்கே 28 சதவிகிதம் வரை வரி உண்டு. ஆனால் பெற்றோர் விட்டுச்சென்ற இதழ் என்றால், அவர்கள் இறந்த நாளில் அது என்ன விலை பெற்றதோ அதற்கு மேல் கிடைத்த தொகைதான் லாபமாகக் கணக்காகும். அந்த நாளைய மதிப்புக்கு ஒரு மதிப்பீட்டுச் சான்று வாங்கி வைத்துக்கொண்டு அப்புறம் ஏலத்துக்கு அனுப்பலாம்.